தில்லையாடி வள்ளியம்மை

நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் மேகங்களோடு உறவாடும் அம்மலையின் அழகைப் பாடாத பயணியர் இலர். ஆயினும் அம்மலைச் சரிவுகளைத் தேயிலைப் பசுமையாக்கிய கைகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பொழுது புலருமுன் லயத்தின் வாயிலில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, முதுகில் கூடையும் நெற்றியில் அதன் வாரும் தாங்கி மலையேறிய பெண்களுள் பலர் தமிழ்க் குடும்பத்தினர். அவர்களுடைய பாட்டியரும் முப்பாட்டியரும் ஊரையும் உறவையும் விட்டு மலைகடந்து வந்தவர்கள். அவர்தம் வரலாறு ஏட்டில் ஏறவில்லை.

இங்ஙனம் ஏட்டில் ஏறாத எண்ணற்ற பெண்மக்களுக்கு நடுவே, குடிபெயர்ந்த குடும்பத்திற் பிறந்து பதினாறாம் அகவையில் மறைந்தும், பள்ளிச் சிறாரும் பெயரறியும் பேறு பெற்றவர் ஒருவர் உண்டு. அவரே தில்லையாடி வள்ளியம்மை. நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் இம்முறை அவர் வரலாற்றை வரைய விழைந்தோம். வள்ளியம்மையின் பெயரை அறிந்த அளவிற்கு, அவர் எதற்காகச் சிறை சென்றார், எத்தகைய பெண்கள் அவரோடு நடந்தார்கள் என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் அறிந்திருக்கிறார்களா என்ற ஐயமே எம்மை எழுதத் தூண்டியது.

வள்ளியம்மை பிறந்தது தில்லையாடியில் அன்று. அவர் பிறந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் பொன்னகரமாகிய ஜோகன்னஸ்பர்க். பிறந்த நாள் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22. தந்தையார் இரா. முனுசாமி முதலியார், வணிகர், தாயார் மங்களத்தம்மாள். இக்குடும்பத்தின் வேர், இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகே உள்ள தில்லையாடி என்னும் சிற்றூரில் இருந்தது. அம்மண்ணை மிதித்தறியாத பெண்ணுக்கு மூதாதையர் ஊரே முதற்பெயராக அமைந்துவிட்டது. அயல்நாட்டிலும் அயல்மாநிலத்திலும் வாழும் தமிழர்க்கு இதில் வியப்பிராது. நம் பிள்ளைகளை நோக்கி எந்த ஊர் என்று எவரேனும் வினவினால், அவர்கள் ஒருநாளும் தங்கியிராத ஓர் ஊரின் பெயரையன்றோ நாம் சொல்லிக் கொடுக்கிறோம்!

தமிழர் தென்னாப்பிரிக்கா சென்ற கதையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவரப்பட்ட முதற்கூட்டம் அதில் இருந்தது. அது முதல் 1911-இல் இவ்வேற்றுமதி நிறுத்தப்படும் வரை, ஒன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்டோர் அங்கு இறக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறையிலிருந்து கப்பலேறியவர்கள். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்ற கணக்கில் ஆள் சேர்த்தனர். இக்கணக்கை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பம் வாழ வேண்டும் என்ற எண்ணத்தாலா இவ்விகிதம் எழுந்தது? ஆள்கட்டும் முகவர்கள் அந்நாற்பதை நிறைப்பதற்காகக் கைம்பெண்களையும், பஞ்சத்தில் வழி தெரியாது நின்றவர்களையும், வீட்டில் பூசலிட்டு வெளியேறியவர்களையும் தேடிப் பிடித்தனர். அங்குச் சென்ற பெண்ணுக்குக் கூலியோ ஆணின் கூலியிற் பாதி. குழந்தையை வயலோரத்தில் கிடத்திவிட்டே கரும்பு வெட்ட வேண்டும்.

முனுசாமி முதலியாரின் குடும்பம் இத்தகைய ஒப்பந்தக் கூலியாக வந்ததன்று. வாணிகத்தின் பொருட்டு டிரான்ஸ்வாலில் குடியேறியது. இவ்விரு வகையினரையும் வேறுபடுத்திக் காணுதல் தேவை. ஏனெனில் கடை வைத்திருந்தவரின் மகள், கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழன்ற பெண்களின் துயரைத் தன் துயராகக் கொண்டு சிறை புகுந்தாள் என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. நம் காலனிகளிலும் அலுவலகக் குடும்பமென்றும் தோட்டக் குடும்பமென்றும் பிரிவுகள் தோன்றியிருப்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

1886-இல் பொற்சுரங்கம் கண்ட பின்னர் ஜோகன்னஸ்பர்க் பெருநகரமாயிற்று. வெள்ளையர் வாழ்ந்த தெருக்கள் வேறு. இந்தியர்க்கு ஒதுக்கிய சேரிகள் வேறு. டிரான்ஸ்வாலின் 1885-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்கு நிலவுரிமையை மறுத்தது. வள்ளியம்மைக்கு எட்டு வயதாகும்போது, 1906-இல், ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச்சீட்டுப் பெற்று எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் முளைத்தது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் சத்தியாக்கிரகம் எழுந்தது. அப்போரில் சிறை சென்றோரின் பட்டியலைப் பார்த்தால் தமிழ்ப் பெயர்களே மலிந்து கிடக்கும். மொரீசியஸில் பிறந்த தம்பி நாயுடு பன்முறை சிறை சென்றார். நாகப்பன் என்ற இளைஞர் சிறைக்கொடுமையால் 1909 ஜூலை 6-ஆம் நாள் உயிர் நீத்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த நாராயணசாமி எத்துறையிலும் இறங்க விடப்படாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் மாண்டார்.

வீட்டில் ஆடவர் சிறைப்பட்ட காலத்தில் அடுப்பெரிந்தது எங்ஙனம்? இவ்வினாவை வரலாற்றாசிரியர் பலர் எழுப்புவதே இல்லை. கணவன் சிறையிலும் கடை பூட்டியும் இருக்க, பிள்ளைகளைக் காத்தவர் பெண்களே. அக்குடும்பங்களைத் தாங்குவதற்கென 1910-இல் கல்லன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வழங்க, அங்கே டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1909-இல், டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கமும் ஜோகன்னஸ்பர்க்கில் தோன்றிவிட்டது. அதில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வள்ளியம்மை வளர்ந்த சூழல் இது. அவர் ஓடியாடிய பருவத்தில் சிறை என்ற சொல் அக்கம்பக்கத்து வீடுகளில் நாள்தோறும் வழங்கிய சொல்லாயிற்று.

இனி, பெண்களைப் போர்க்களத்திற்கு அழைத்து வந்த இரு கொடுமைகளைக் கூறுவோம்.

முதலாவது, மூன்று பவுன் வரி. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தாயகம் திரும்பாது நேட்டாலில் உரிமையோடு வாழ விரும்பிய இந்தியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மூன்று பவுன் செலுத்த வேண்டும் என 1895-இல் சட்டம் செய்தனர். நேட்டால் அரசு முதலிற் கேட்டது இருபத்தைந்து பவுன். இந்திய வைசிராய் எல்ஜின் பிரபு மூன்றுக்கு இசைந்தார். இதைக் கருணை என்று சொன்னவர்களும் இருந்தனர்! மாதம் பத்துப் பதினான்கு ஷில்லிங் ஈட்டும் தொழிலாளிக்கு மூன்று பவுன் என்பது ஏறத்தாழ நான்கு முதல் ஆறு திங்களின் உழைப்பு. பின்னர் இவ்வரி பிள்ளைகளுக்கும் நீண்டது: பையனுக்குப் பதினாறு வயது, பெண்ணுக்கோ பதின்மூன்றே வயது. கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என நால்வர் உள்ள வீட்டிற்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். கட்ட இயலாத பெண்ணுக்கு இரண்டே வழிகள் திறந்திருந்தன. மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கரும்புக் காட்டிற்குள் புகுவது ஒன்று, சிறை மற்றொன்று. தலைக்கு வரி விதித்து ஒரு மக்களினத்தை மீண்டும் மீண்டும் அடிமை செய்யும் இச்சூழ்ச்சியில், பதின்மூன்று வயதுச் சிறுமியின் தலையையும் எண்ணினார்களே என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இரண்டாவது கொடுமை தாலியின் மீதே கைவைத்தது. 1913 மார்ச் 14-ஆம் நாள் கேப் மாநில உயர்நீதிமன்றத்தில் சேர்ல் என்னும் நீதிபதி ஒரு தீர்ப்புரைத்தார். ஹசன் ஈசோப் என்ற வணிகரின் மனைவி பாய் மரியம் இந்தியாவிலிருந்து வந்து இறங்க அனுமதி கேட்ட வழக்கு அது. கிறித்தவ முறைப்படி நடைபெறாததும் திருமணப் பதிவாளரிடம் பதியப்படாததுமான மணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் கண்ணில் மணமே ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரே நாளில் இந்து, இசுலாமிய, பார்சி மணங்கள் யாவும் செல்லாதவையாயின. முப்பதாண்டு இல்லறம் நடத்திய மூதாட்டியும் சட்டப்படி மனைவி அல்லள். அவள் பெற்ற மக்கள் தந்தையின் சொத்துக்கு உரியவர் அல்லர். தாயகத்திலிருந்து வரும் மனைவிக்குத் துறைமுகத்தில் இடமில்லை. அக்கினி சாட்சியாக நடந்த மணத்தை அலுவலகச் சீட்டொன்று இல்லையென்று மறுத்த அத்தீர்ப்பு, அதுவரை வாளாவிருந்த வீடுகளையும் கொதித்தெழச் செய்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்தார் உள்துறை அமைச்சருக்குத் தந்தி கொடுத்தனர். இவ்விழிவு நீங்காவிடில் தாமும் சிறை செல்வோம் என்பது செய்தி. சங்கத்தின் கௌரவச் செயலாளராக இருந்து அத்தந்தியை அனுப்பியவர் சோன்யா ஷ்லெசின். காந்தியடிகளின் அலுவலகச் செயலாளராகப் பணியாற்றிய யூதப் பெண்மணி. பெண்களைச் சிறைக்கு அனுப்ப அதுவரை காந்தியடிகள் தயங்கியே வந்தார். அவரது தயக்கத்தைப் போக்கியவர் பெண்களே என்று நாம் கருதுகிறோம். பெண்களை அவர் களத்தில் இறக்கினார் என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. தந்தி சொல்லும் செய்தி வேறு.

போர் தொடங்கிற்று. பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து பதினாறு பேர் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து 1913 செப்டம்பரில் சிறைப்பட்டனர். அவர்களுள் கஸ்தூரிபா அம்மையார் உள்ளிட்ட நால்வர் பெண்டிர். மறுபுறம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பதினொரு பெண்கள் கிளம்பினர். அப்பதினொருவருள் ஒருவர் தவிர ஏனையோர் யாவரும் தமிழ் வழங்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள், முருகேச பிள்ளை, பெருமாள் நாயுடு, சின்னசாமி பிள்ளை ஆகியோரின் மனைவியர், மணமாகாத மீனாட்சி பிள்ளை என அப்பட்டியல் செல்கிறது. பெரும்பாலோரின் இயற்பெயர்கூட அதில் இல்லை. கணவன் பெயரே முகவரி. மனைவியல்லள் என்று சட்டம் மறுத்த நாட்டில், இன்னாரின் மனைவி என்ற பெயரோடு அவர்கள் சிறை சென்றனர் என எண்ணும்போது, அதுவும் ஒருவகை விடையாகவே தோன்றுகிறது. பலர் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. ஒருவர் கருவுற்றிருந்தார்.

இப்பதினொருவரையும் கைது செய்ய அரசு முதலில் மறுத்தது வேடிக்கையான செய்தி. எல்லையைக் கடந்தனர், காவலர் பாராமுகமாயினர். உரிமச்சீட்டின்றிக் கூடைச் சரக்கு விற்றனர். அப்போதும் எவரும் தொடவில்லை. எனவே அவர்கள் நேட்டாலுக்குள் புகுந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த நியூகாசில் நகரை அடைந்தனர். லாசரஸ் என்ற தமிழ்க் கிறித்தவரின் சிறுவீடு அவர்களுக்கும், பின்னர் காந்தியடிகளுக்கும், தங்குமிடமாயிற்று. அங்கிருந்து சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று, மூன்று பவுன் வரியின் கதையைத் தம் தாய்மொழியில் எடுத்துரைத்தனர். மேடைப் பேச்சு அறியாதவர்கள் அவர்கள். அடுக்களையில் பேசுவது போலவே பேசினர். 1913 அக்டோபர் 16-ஆம் நாள் பார்லி சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியைக் கீழே வைத்தனர். இப்போதுதான் அரசுக்குக் கண் திறந்தது! அக்டோபர் 21-இல் அப்பெண்கள் கைதாகி, மூன்று திங்கள் தண்டனையுடன் மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

அவர்கள் சென்ற வழியே இரண்டாம் அணி புறப்பட்டது. அதில்தான் மங்களத்தம்மாளும் அவர்தம் மகள் வள்ளியம்மையும் இருந்தனர். தாயின் கையில் ஒரு குழந்தை; அருகில் பதினைந்து வயது நிரம்பிய மகள். வள்ளியம்மைக்கு அப்போது மணமாகவில்லை. ஆகவே சேர்ல் தீர்ப்பு அவர் கழுத்துத் தாலியைப் பறிக்கவில்லை. மூன்று பவுன் வரியும் டிரான்ஸ்வாலில் வாழ்ந்த வணிகர் மகளைத் தொடவில்லை. இருப்பினும் அவர் நேட்டாலுக்கு நடந்தார். தாயும் மகளும் பல ஊர்களுக்குச் சென்று, கூட்டங்களில் தொழிலாளரைச் சந்தித்து, வரியின் அநீதியை விளக்கி வேலைநிறுத்தத்திற்கு ஊக்கமூட்டினர். பெண்பிள்ளையை நாலுபேர் முன் நிறுத்த அஞ்சும் பெற்றோர் இக்காலத்தும் உளர். 1913-இல், அயல்மண்ணில், பருவமெய்திய மகளைப் போருக்கு அழைத்துச் சென்ற மங்களத்தம்மாளின் துணிவைப் பற்றி எவரும் காவியம் பாடவில்லையே என நாம் வருந்துவதுண்டு.

வேலைநிறுத்தம் செய்தோர் சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து வெளியேறி, மூட்டை முடிச்சுகளோடு சாலையில் இறங்கினர். நவம்பர் 6-ஆம் நாள் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் நோக்கிக் காந்தியடிகள் நடத்திச் சென்ற அணியில் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 குழந்தைகளும் இருந்தனர். அவ்வழிநடைத் துயரில் இரு குழந்தைகள் மாண்டனர். ஒன்று குளிரில், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. அத்தாயர் இருவரும் நடையை நிறுத்தவில்லை. அவர்கள் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

டிசம்பரில் வள்ளியம்மையும் மங்களத்தம்மாளும் மூன்று திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையிற் புகுந்தனர். அச்சிறையின் உணவு உண்ணத் தகாதது. பெண்களுக்கு ஆடை வெளுக்கும் வேலை. வெளியிலிருந்து உணவு வருவதற்கும் தடை. கஸ்தூரிபா அம்மையாரே அச்சிறையிலிருந்து எலும்புந்தோலுமாய் வெளிவந்தார் என்றால், வளரும் பருவத்துப் பெண்ணின் நிலை கூறவும் வேண்டுமோ? சிறை புகுந்த சில நாட்களுக்குள்ளாகவே வள்ளியம்மையைக் காய்ச்சல் பற்றியது. நோய் முற்றுவதைக் கண்ட அதிகாரிகள் முன்கூட்டியே விடுவிப்பதாகக் கூறினர். அவர் மறுத்துவிட்டார். தண்டனையில் ஒருநாளையும் சலுகையாகப் பெற அவருக்கு மனமில்லை.

இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகிறோம். சிறை அதிகாரி ஒருவர் இந்தியாவிற்குக் கொடியுமில்லை என்று எள்ளியதாகவும், வள்ளியம்மை உடனே தம் சேலையைக் கிழித்து இதோ கொடி என்று காட்டியதாகவும் மேடைகளில் ஒரு கதை வழங்குகிறது. கேட்போர் கைதட்டுவர். ஆனால் வள்ளியம்மையை நேரிற் கண்டு பேசிய காந்தியடிகள், தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் பற்றித் தாம் எழுதிய நூலில் அவரைக் குறித்து மனமுருக விரித்துரைத்தும், இக்கதையைச் சொல்லவில்லை. நோயில் நொந்த சிறுமி விடுதலையை வேண்டாமென்றதே போதும்; அதற்கு மேல் அணிகலன் எதற்கு?

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வள்ளியம்மை விடுதலையானார். வெளிவந்தது உயிரோடு கூடிய ஒரு நிழலே. ஜோகன்னஸ்பர்க்கில் படுக்கையில் கிடந்த அவரைக் காந்தியடிகள் காணச் சென்றார். உயரமான அவ்வுடல் மெலிந்து, போர்வையிற் சுற்றி எடுக்க வேண்டிய நிலையில், காணவே நடுங்கத்தக்கதாயிருந்தது. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என அவர் கேட்டார். வருத்தமில்லை, இப்போது மீண்டும் கைது செய்தாலும் செல்வேன் என்ற பொருள்பட அப்பெண் விடை கூறினாள். இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற வினாவிற்கும் அஞ்சவில்லை. தாய்நாட்டிற்காக இறத்தலை யார்தாம் விரும்பாதார் என்பதே அவள் கருத்தாயிருந்தது. தாய்நாடு என்று அவள் சொன்னது தான் ஒருமுறையேனும் கண்டிராத நாட்டை!

1914 பிப்ரவரி 22-ஆம் நாள் வள்ளியம்மை உயிர் நீத்தார். அன்று அவருக்குப் பதினாறு வயது நிறைந்த பிறந்தநாள். ஈன்ற தாயும் அதே சிறையில் அதே தண்டனை பெற்றவர் என்பதை நினைவிற் கொள்க. மகளை அழைத்துச் சென்ற தாய், மகளின்றி எஞ்சினார். பிரேம்போன்டைன் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைவுக்குப் பின் நான்கே திங்களில் காட்சி மாறிற்று. அரசு அமைத்த சாலமன் குழு, வரியை நீக்குக, இந்தியர் மணத்தை ஏற்குக என்று பரிந்துரைத்தது. 1914-இல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. கட்டாது நின்ற பழைய பாக்கியும் தள்ளப்பட்டது. இந்தியர் தத்தம் சமய முறைப்படி செய்துகொண்ட மணத்தில், ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில், மனைவிக்கும் மக்களுக்கும் சட்ட உரிமை கிடைத்தது. மணம் நடத்தும் இந்தியக் குருமாரையே அதிகாரிகளாக நியமிக்கவும் வழி பிறந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் துன்பம் இதனோடு தீர்ந்ததென நாம் சொல்ல வரவில்லை. 1994 வரை அந்நாட்டில் நிறவெறி ஆண்டது. எனினும் கரும்புத் தோட்டத்துப் பெண்ணொருத்தி, மகளுக்குப் பதின்மூன்று வயது நிறையும் நாளை எண்ணி நடுங்கிய நிலை 1914-இல் முடிந்தது.

குடிபெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் வழக்கு வேறு நாடுகளில் வேறு உருவங் கொண்டு தொடர்ந்ததை ஈண்டு ஒரு சொல்லாற் குறிப்போம். இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்கள், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடும்பத்தோடு நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் என்று பெயரளவில் அறிந்த இந்தியாவிற்கு அனுப்பப்பட்டவருள் ஒரு பகுதியினர் நம் பக்கத்துப் புனலூரில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென 1976-இல் அங்கே மறுவாழ்வுத் தோட்டக் கழகம் தோன்றி, குளத்துப்புழை, ஆயிரநல்லூர்ப் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்களை நடத்திற்று. கொழுந்து கிள்ளப் பழகிய விரல்கள் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கக் கற்றன. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தி, இருபது விழுக்காடு போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, அதைப் பெற்றே எழுந்தனர். நியூகாசில் பெண்களின் பெயரை அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பரோ, அறியோம். சுரங்கக் குடியிருப்பின் வாயிலில் 1913-இல் எழுந்த அதே குரல்தான் மூணாற்றுச் சாலையிலும் கேட்டது.

நூறாண்டுக்கு முன்னர் மாண்ட பெண்ணின் நினைவைப் போற்றியோர் யாவர் என்பதையும் கூறிவிடுவோம். தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, 1914 ஜூலை 15-ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க்கில் நாகப்பன், வள்ளியம்மை ஆகிய இருவரின் நினைவுக் கற்களைத் திறந்து வைக்கும் நிகழ்ச்சியில் காந்தியடிகள் கலந்துகொண்டார். மூன்றாம் நாள் கேப்டவுனிலிருந்து அவர் கப்பலேறினார். தாயகம் வந்த ஆண்டிலேயே, 1915-இல், தமிழகச் சுற்றுப்பயணத்தின்போது தில்லையாடிக்கும் சென்றார். அக்குக்கிராமத்திற்கு அவரை இழுத்தது அங்கு வேர்கொண்ட குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவில் சிந்திய குருதியேயன்றிப் பிறிதொன்றில்லை. பிற்காலத்தில் தில்லையாடியில் தமிழ்நாட்டு அரசின் நினைவு மண்டபம் எழுந்தது. சென்னை எழும்பூரில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைத்தறிச் சேலை வாங்கச் செல்லும் பெண்கள் நாள்தோறும் அப்பெயரின் கீழே நுழைகின்றனர். 2008 டிசம்பர் 31-ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் நிகழ்ந்தது வேறு. வள்ளியம்மை மறைந்தபோது கூடிய இரங்கற் கூட்டத்தில் அவர் பெயரால் ஒரு மண்டபம் கட்டுவதென இந்தியர் தீர்மானம் நிறைவேற்றினர். சொற்பொழிவுகள் நிகழ்ந்தன, நன்கொடைப் பேச்சும் எழுந்தது. ஆண்டுகள் சென்றபின் காந்தியடிகள் தம் நூலை எழுதுங்காலை, அம்மண்டபம் இன்னும் உருப்பெறவில்லையே என்று குறைபட்டுக் கொண்டார். கடல்கடந்து வாழும் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களில் இத்தகைய மண்டபங்கள் எத்தனையோ! இடுகாட்டில் இருந்த நினைவுக் கல்லும் காலப்போக்கில் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. தென்னாப்பிரிக்கா விடுதலை பெற்ற பின்னரே, 1997-இல், நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் பிரேம்போன்டைனில் புதிய கற்கள் நாட்டப்பட்டன. மங்களத்தம்மாளுக்கு எங்கும் கல்லில்லை.